டர்போ இல்லாத இன்ஜினுக்கு எரிபொருள் ட்யூனிங்: ஸ்பீட் டென்சிட்டியா, மாஃபா, ஆல்ஃபா-என்னா?

கேள்வி இதுதான். 2.0 லிட்டர், 4 சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின். கேம்ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் இரண்டும் மாற்றியாகிவிட்டது. கம்பெனி ஈசியுவை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை, எடுத்துவிட்டு, அட்டவணைகளை நாமே எழுதக்கூடிய ஸ்டாண்டலோன் ஈசியு போடப் போகிறீர்கள். இப்போது இருப்பது ஒரே த்ராட்டில் பாடி. பின்னால் சிலிண்டருக்கு ஒன்று வீதம் நான்கு த்ராட்டில் பாடி, அதாவது ஐடிபி, போடும் எண்ணமும் இருக்கிறது. ஈசியு மென்பொருளைத் திறந்தால் ஸ்பீட் டென்சிட்டி, மாஃப், ஆல்ஃபா-என் என்று மூன்று வழிகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

நேராகவே சொல்லிவிடுகிறேன். இன்றைய நிலையில் ஸ்பீட் டென்சிட்டி. ஐடிபி வந்த பிறகு ஆல்ஃபா-என்னை அடிப்படையாக வைத்து, அதற்கு மேல் வளிமண்டல அழுத்தத் திருத்தம். மாஃப் உங்களுக்கு வேண்டாம். அது மட்டமான வழி என்பதால் அல்ல. உங்கள் இன்ஜின் போகிற திசைக்கு அது ஒத்துவராது. காரணங்களைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால்தான் நாளைக்கு வண்டி எங்காவது இடறும்போது எந்த இடத்தைப் பார்ப்பது என்று பிடிபடும்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை எடுத்துவிடுவோம். இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பவர் கூடாது. முழு த்ராட்டிலில், 5,000 ஆர்பிஎம்மில், உங்கள் இன்ஜின் கேட்கிற பெட்ரோல் ஒரே அளவுதான். அந்த அளவை ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் பவரை அளக்கும் டைனோவில் மூன்றுக்கும் ஒரே கோடு வரும். வித்தியாசம் தெரிவதெல்லாம் வேறு இடங்களில்: குளிர்ந்த ஸ்டார்ட், சிக்னலில் நிற்கும்போது ஐடில், கால்வாசி த்ராட்டிலில் மெதுவாகப் போவது, மலையேற்றம், வெயிலில் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்புவது. தினமும் ஓட்டுகிற காரில் முக்கால்வாசி நேரம் இந்த இடங்களில்தான் கழிகிறது.

ஈசியு உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றே ஒன்றுதான்: இந்தத் தடவை சிலிண்டருக்குள் எத்தனை கிராம் காற்று போயிற்று? அது தெரிந்தால் பெட்ரோல் கணக்கு வெறும் வகுத்தல்தான். மாஃப் சென்சார் உள்ளே போகும் காற்றின் நிறையை நேராக அளந்து சொல்கிறது. ஸ்பீட் டென்சிட்டி, மேனிஃபோல்டு (த்ராட்டிலிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் பார்த்துக் கணக்குப் போடுகிறது. ஆல்ஃபா-என் காற்றை அளப்பதே இல்லை. த்ராட்டில் இத்தனை திறந்திருக்கிறது, இன்ஜின் இத்தனை வேகத்தில் சுற்றுகிறது, அப்படியென்றால் இவ்வளவு காற்று போயிருக்கும் என்று முன்பே எழுதி வைத்த அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறது. ஆல்ஃபா என்பது த்ராட்டில் கோணம், என் என்பது சுழற்சி வேகம். பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

இந்தப் போட்டி புதிதல்ல. பாஷ் நிறுவனம் 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் கொண்டுவந்த டி-ஜெட்ரானிக், மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்து வேலை செய்தது. அந்த டி, அழுத்தத்தைக் குறிக்கும் ட்ரூக் என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. 1974-இல் வந்த எல்-ஜெட்ரானிக்கில் எல் என்றால் லுஃப்ட், அதாவது காற்று. அது ஒரு மடல் தள்ளப்படும் அளவை வைத்துக் காற்றோட்டத்தை அளந்தது. ஆக, எதை நம்புவது என்ற கேள்வி ஐம்பது வருடத்துக்கு மேல் பழையது. பதில் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். எந்த சென்சார் உங்கள் இன்ஜினில் உண்மை பேசுகிறதோ, அதை நம்பும் வழியைத் தேர்ந்தெடுங்கள். நான் சொல்ல வருவதன் மையம் இதுதான்.

சரி, ஸ்பீட் டென்சிட்டி. உங்கள் ஒரு சிலிண்டர் 0.5 லிட்டர். 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தில், 25 டிகிரியில், ஒரு லிட்டர் காற்று சுமார் 1.17 கிராம் இருக்கும். சிலிண்டர் முழுக்க நிரம்பினால் 0.585 கிராம். ஆனால் எந்த இன்ஜினும் எல்லா வேகத்திலும் முழுசாக நிரம்பாது. நிரம்பும் விகிதத்தைத்தான் விஇ என்கிறோம். 90% என்று வைத்தால் 0.526 கிராம் காற்று. லாம்டா என்பது கலவையின் அளவு: 1 என்றால் சமநிலை, 1-க்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம். முழு த்ராட்டிலுக்கு லாம்டா 0.88 வேண்டும் என்றால், பெட்ரோலுக்கு 14.7 × 0.88, அதாவது ஏறக்குறைய 12.9-க்கு 1. அப்போது தேவை 0.0407 கிராம் பெட்ரோல், கிட்டத்தட்ட 0.055 மில்லி. உங்கள் இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 240 மில்லி தள்ளக்கூடியது என்றால் நொடிக்கு 4 மில்லி. ஆக 13.7 மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும். இன்ஜெக்டர் திறக்கவே எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 1 மில்லிசெகண்டையும் சேர்த்தால் 14.7. 6,500 ஆர்பிஎம்மில் இன்ஜின் ஒரு முழுச் சுற்றை, அதாவது கிராங்க் இரண்டு தடவை சுற்றுவதை, முடிக்க 18.5 மில்லிசெகண்ட்தான் ஆகிறது. 80% நேரம் இன்ஜெக்டர் திறந்தே இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கணக்கை ஒரு தடவை நீங்களே கையால் போட்டுப் பாருங்கள். ட்யூனிங்கில் பாதி பயம் அங்கேயே போய்விடும். கூடவே இன்னொன்றும் தெரியும்: ஐடிபி போட்டு, நல்ல கேமும் இருந்து, விஇ 98%-க்குப் போனால் இந்த இன்ஜெக்டர் 86%-ஐத் தொடும். அது எனக்குப் பிடிக்காத இடம். 300 மில்லி இன்ஜெக்டர் போட்டால் 70%-இல் நிற்கும். வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது இது.

ஸ்பீட் டென்சிட்டியின் பலம், அழுத்தத்தையும் வெப்பத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வது. மலைக்குப் போனால் மேனிஃபோல்டு அழுத்தம் தானாகக் குறையும், பெட்ரோலும் குறையும். ஐடில் வால்வு திறந்து காற்றை விட்டாலும், மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்கு அது தெரியும். வேக்கம் பைப் எங்காவது லேசாகக் கசிந்தாலும் அந்தக் காற்றும் கணக்கில் வந்துவிடும். ஐடில் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். ஏர் ஃபில்டர் பெட்டியின் வடிவம், பைப் அளவு எதுவும் பொருட்டல்ல. ஒரே த்ராட்டில் பாடிக்குப் பின்னால் ஒரு பிளீனம் (காற்று சேரும் பொதுப் பெட்டி) இருக்கிறவரை அழுத்த சிக்னலும் அமைதியாக இருக்கும்.

பலவீனம் என்னவென்றால், அந்த விஇ அட்டவணை உங்கள் இன்ஜின் இன்று இருக்கிற நிலையின் படம். கேமை மாற்றினால், ஹெட்டில் போர்ட் வேலை செய்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மாற்றினால் படம் பழையதாகிவிடும். இதற்கு ஃபோர்டு மஸ்டாங் 5.0 நல்ல உதாரணம். 1986-இல் அது ஸ்பீட் டென்சிட்டியோடு வந்தது. கேம் மாற்றியவர்களுக்குக் கம்பெனி ஈசியுவில் இருந்த அட்டவணை பொருந்தாமல் ஐடில் ஆட்டம் கண்டது. 1989-இல் எல்லா 5.0-க்கும் மாஃப் வந்ததும், அதே மாதிரி மாற்றங்களை அந்தக் கார்கள் நன்றாகவே தாங்கின. அதனால் பழைய காரையும் மாஃபுக்கு மாற்றுவது அன்று வழக்கமான வேலையாகிவிட்டது. ஆனால் ஷெவர்லே கார்வெட் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: 1985-இல் மாஃப், 1990-இல் ஸ்பீட் டென்சிட்டி, 1994-இல் மறுபடி மாஃப். கம்பெனிக்காரர்களே இப்படி முன்னும் பின்னும் போயிருக்கிறார்கள் என்றால் ஒன்று எப்போதும் மற்றதைவிட மேல் என்று சொல்ல முடியாது. உங்கள் விஷயத்தில் ஸ்டாண்டலோன் ஈசியு இருப்பதால் அட்டவணையைத் திருத்தும் உரிமை உங்கள் கையில். மஸ்டாங்காரர்களுக்கு இருந்த பெரிய தடை உங்களுக்கு இல்லை.

ஸ்பீட் டென்சிட்டியில் பலரும் கோட்டைவிடுவது காற்று வெப்ப சென்சாரில்தான். ஒரு 2 லிட்டர் இன்ஜினில் எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். காலையில் ஸ்டார்ட் நன்றாக இருக்கும், ஓடும்போதும் குறை இருக்காது. ஓட்டிவிட்டுப் பதினைந்து நிமிடம் நிறுத்தி, மறுபடி கிளப்பினால் மட்டும் முதல் ஒரு நிமிடம் இருமும். த்ராட்டில் தொட்டால் அணையப் பார்க்கும். பெட்ரோல் பம்ப், பிரஷர் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் லாக்கை, அதாவது ஈசியு பதிவு செய்த அளவுகளை, திறந்து பார்த்தால், வெளியே 30 டிகிரி இருக்கும்போது சென்சார் 68 டிகிரி காட்டுகிறது. அதை அலுமினிய மேனிஃபோல்டில் திருகியிருந்தேன். இன்ஜின் நின்றதும் மேனிஃபோல்டு சூடேறி, சென்சாரும் கூடவே சூடேறியிருக்கிறது. ஈசியு பாவம், சூடான காற்று லேசாக இருக்கும் என்று கணக்குப் போட்டு 11% பெட்ரோலைக் குறைத்துவிட்டது. உள்ளே வந்த காற்று அவ்வளவு சூடே இல்லை. சென்சாரை த்ராட்டிலுக்கு முன்னால், பிளாஸ்டிக் பைப்பில் மாற்றினேன். பிரச்சினை அன்றோடு போயிற்று. உங்கள் இன்ஜினில் அந்த சென்சார் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

மேப் சென்சாருக்கான பைப்பையும் பிளீனத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு சிலிண்டரின் ரன்னரிலிருந்து, அதாவது அதற்கு மட்டும் காற்று போகும் குழாயிலிருந்து, எடுத்தால் அந்த ஒரு சிலிண்டர் மூச்சிழுக்கும்போதெல்லாம் சிக்னல் துள்ளும். பைப் குட்டையாக இருக்கட்டும். பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டருக்குப் போகும் பைப்போடு சேர்த்துப் பிரிக்க வேண்டாம்.

மாஃபுக்கு வருவோம். ஹாட் வயர் மாஃப் சென்சார் நல்ல கருவி. சூடாக்கப்பட்ட ஒரு கம்பியைக் காற்று குளிர வைக்கிறது, அந்தக் கம்பியை அதே சூட்டில் வைத்திருக்கத் தேவைப்படும் மின்சாரத்தை வைத்துக் காற்றின் நிறை தெரிகிறது. மலை, வெயில், மழை எல்லாம் தானாகவே கணக்கில் வந்துவிடும். கேம் டைமிங் தொடர்ந்து மாறும் இன்ஜின்களில் விஇ அட்டவணை ஒன்றால் சமாளிக்க முடியாது, கேம் நிலைக்கு ஏற்ப அட்டவணை மாற வேண்டும். அங்கே மாஃப் பெரிய நிம்மதி. கம்பெனி ஈசியுவையே ரீமேப் செய்யப் போகிறவர் மாஃபை விடவே கூடாது என்பேன்.

ஆனால் அதற்குப் பிடிக்காதவை சில உண்டு. சென்சாருக்குப் பின்னால் எங்கே காற்று கசிந்தாலும் அது அளக்கப்படாமல் உள்ளே போய் இன்ஜின் லீன் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறையும். பைப் விட்டத்தை மாற்றினால் அளவீடே மாறிவிடும். எண்ணெய் பூசும் வகை ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் கம்பியில் படிந்து சென்சாரைக் கெடுக்கும். எல்லாவற்றையும் விட, உங்கள் கேமுக்குச் சிக்கல் இது: ஓவர்லாப் (உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகமான கேமில், குறைந்த ஆர்பிஎம்மில், காற்று சிலிண்டரிலிருந்து திரும்பவும் மேனிஃபோல்டுக்குள் அடிக்கும். அந்தத் துடிப்பு மாஃப் வரை போனால், அதே காற்று போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை எண்ணப்படுகிறது. சாதாரண ஹாட் வயருக்குத் திசை தெரியாது. விளைவு, ஐடில் ரிச்சாகி (பெட்ரோல் அதிகமாகி) அடித்துக்கொள்ளும். அப்புறம், ஐடிபி போட்டுத் திறந்த வாயோடு நான்கு ட்ரம்பெட் (காற்று நுழையும் புனல்) வைத்துவிட்டால் மாஃப் வைக்க இடமே கிடையாது. நான்குக்கும் சேர்த்து ஒரு ஏர்பாக்ஸ் கட்டினால்தான் உண்டு. பிஎம்டபிள்யூ கூட எம்3 சிஎஸ்எல்லில் கார்பன் ஏர்பாக்ஸ் போட்டபோது, சாதாரண எம்3-இல் இருந்த மாஃபை எடுத்துவிட்டது.

இதோடு ஒட்டிய இன்னொன்று: மாஃப் சிக்னலை நடுவில் பிடித்துத் திரிக்கும் பிக்கிபேக் பெட்டிகளைத் தொடாதீர்கள். பெட்ரோலைக் குறைக்க சிக்னலை 10% தாழ்த்தினால், ஈசியு இன்ஜினில் லோடு குறைவு என்று நினைத்து இக்னிஷன் டைமிங்கை முன்னே தள்ளும். பெட்ரோலும் குறைவு, டைமிங்கும் அதிகம். நாக்கிங், அதாவது கலவை தாறுமாறாக வெடித்து இன்ஜினைத் தட்டுவது, வர இதைவிட நேரான பாதை இல்லை. பெட்ரோல் பிரஷரை ஏற்றி ட்யூன் செய்வதும் இதே வகைதான். 3 பாரை 3.5 ஆக்கினால் ஐடில் முதல் முழு த்ராட்டில் வரை எல்லா இடத்திலும் சுமார் 8% கூடும். உங்களுக்கு அது தேவைப்படுவது ஏதோ ஒரு இடத்தில் மட்டும்.

ஆல்ஃபா-என்னைப் பற்றிப் பேசும்போது அது ஏதோ பந்தயக்காரர்களின் ரகசியம் என்பதுபோல ஒரு பேச்சு உண்டு. உண்மையில், வேறு வழி இல்லாதபோது எடுக்கும் வழி அது. ஐடிபியில் ஏன் வேறு வழி இல்லாமல் போகிறது என்று பாருங்கள். 60 மில்லிமீட்டர் த்ராட்டில் ஒன்றையும் 45 மில்லிமீட்டர் த்ராட்டில் நான்கையும் ஒப்பிட்டால், நான்கின் மொத்தப் பரப்பு 2.25 மடங்கு. பெடலை லேசாகத் தொட்டவுடன் ரன்னருக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். 20% த்ராட்டிலிலேயே மேப் 90-ஐத் தாண்டிவிடக்கூடும். அதன் பிறகு முழு த்ராட்டில் வரைக்குமான ஓட்டம் முழுக்க, அழுத்த அட்டவணையில் கடைசி இரண்டு வரிசைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். அங்கே 1 கிலோபாஸ்கல் தவறினாலும் பெட்ரோல் தவறும். மேப் சென்சார் பொய் சொல்லவில்லை, ஆனால் சொல்லும் செய்தியில் சரக்கு இல்லை. அதே நேரத்தில் த்ராட்டில் சென்சார் தெளிவாகப் பேசுகிறது: 20, 30, 50. ஆகவே அதை நம்புகிறோம்.

விலை என்ன? ஆல்ஃபா-என்னுக்கு மலை தெரியாது. கடல் மட்டத்தில் ட்யூன் செய்த அட்டவணையோடு 2,000 மீட்டர் உயரத்துக்கு ஏறினால் அங்கே வளிமண்டல அழுத்தம் சுமார் 80 கிலோபாஸ்கல். காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும், பெட்ரோல் பழைய அளவிலேயே ஊற்றும். 0.88 லாம்டா 0.70-க்குப் போய்விடும், கறுப்புப் புகை, ப்ளக்கில் கரி. அதனால் வெளிக்காற்றின் அழுத்தத்தை மட்டும் அளக்க ஒரு தனி சென்சார் வைத்து, அதைப் பெருக்கலாக அட்டவணைக்குக் கொடுக்க வேண்டும். சில ஈசியுக்களில் அது உள்ளேயே இருக்கும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் மேப் சென்சார் காட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஈசியுவாக இருந்தால், இடையில் நிறுத்தாமல் ஏறும் நீண்ட மலைப்பாதையில் அது போதாது.

இன்னொரு விலை, த்ராட்டிலைச் சுற்றி எதைத் தொட்டாலும் அட்டவணை கெடும். நான்கு த்ராட்டில்களையும் சின்க் செய்யாமல் (எல்லாம் ஒரே அளவு திறக்கும்படி சரிசெய்யாமல்) ட்யூன் செய்து, பிறகு சின்க் செய்தால் ஐடில் பக்கம் முழுக்க மறுபடி. ஸ்டாப் ஸ்க்ரூவை கால் சுற்று திருப்பினால் மறுபடி. ஐடில் வால்வு வழியாகப் போகும் காற்று த்ராட்டில் சென்சாருக்குத் தெரியவே தெரியாது, அதற்குத் தனியாகத் திருத்தம் எழுத வேண்டும். ஆகவே வரிசை இது: முதலில் கசிவு இல்லை என்று உறுதி செய்வது, பின் சின்க், பின் த்ராட்டில் சென்சாருக்கு 0-வும் 100-ம் எங்கே என்று சொல்லிக்கொடுப்பது, அதற்கப்புறம்தான் மென்பொருள்.

அட்டவணையில் த்ராட்டில் கட்டங்களைச் சமமாகப் பிரிக்காதீர்கள். 0, 10, 20, 30 என்று போட்டால் கீழே ஊசி முனையில் நிற்பீர்கள். நான் ஐடிபிக்கு எழுதுவது ஏறக்குறைய இப்படி: 0, 1, 2, 3.5, 5, 7, 10, 14, 20, 28, 40, 60, 100. பாதிக்கு மேல் 15%-க்குக் கீழே. 60-க்கும் 100-க்கும் இடையில் காற்று அதிகம் மாறாது. 2-க்கும் 5-க்கும் இடையில் இரட்டிப்பாகும்.

இரண்டையும் கலப்பதும் உண்டு. ஐடிலிலும் லேசான த்ராட்டிலிலும் மேப் சென்சார் நன்றாகவே பேசும், அதற்கு மேல்தான் மௌனமாகிறது. ஆகவே கீழே ஸ்பீட் டென்சிட்டி, மேலே ஆல்ஃபா-என், நடுவில் படிப்படியாகக் கைமாற்றம். மெகாஸ்குவர்ட் எம்எஸ்3-இல் ஐடிபி மோடு என்றே ஒன்று இதற்காக இருக்கிறது. இதற்கு நான்கு ரன்னரிலிருந்தும் மெல்லிய பைப் எடுத்து ஒரு சின்ன டப்பாவில் சேர்த்து, அங்கிருந்து மேப் சென்சாருக்கும், தனியாக ரெகுலேட்டருக்கும் கொடுக்க வேண்டும். தினமும் ஊருக்குள் ஓட்டும் காரென்றால் இந்த உழைப்பு வீண்போகாது. ட்ராக்கில் மட்டும் ஓடும் கார் என்றால் சாதாரண ஆல்ஃபா-என்னும் அழுத்தத் திருத்தமும் போதும். கலவையின் கைமாற்றப் பகுதியை ஒழுங்காக்க நேரம் பிடிக்கும்.

கேம் மட்டும் பெரிதாக இருந்து த்ராட்டில் ஒன்றாகவே இருந்தால்? உங்கள் இப்போதைய நிலை அதுதான். கம்பெனி கேமில் ஐடில் மேப் 30, 35 கிலோபாஸ்கலில் அசையாமல் நிற்கும். ஓவர்லாப் அதிகமானால் 50, 60-க்கு ஏறி ஆடவும் செய்யும். அந்த ஆட்டம் எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஒரு நிமிடம் ஐடிலில் லாக் எடுங்கள். மேப் 3 கிலோபாஸ்கலுக்குள் ஆடினால் கவலையே இல்லை. 5-ஐத் தாண்டினால், சென்சார் படிக்கும் நேரத்தைக் கிராங்க் கோணத்தோடு இணைத்துச் சராசரி எடுக்கும் வசதி ஈசியுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அதிலும் அடங்காவிட்டால் ஐடிலுக்கு மட்டும் ஆல்ஃபா-என் கலக்கலாம். அடுத்து 2,000, 3,000, 4,500 ஆர்பிஎம்களில் த்ராட்டில் 3, 5, 8, 10, 15, 20, 30% வைத்து மேப் என்ன காட்டுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். 3,000-க்கு மேலும் த்ராட்டிலோடு மேப் படிப்படியாக ஏறினால் ஸ்பீட் டென்சிட்டிக்கு உங்கள் இன்ஜின் சம்மதம் சொல்லிவிட்டது. இந்த எண்கள் எல்லாம் என் கைப்பழக்கத்தில் வந்தவை, சட்டம் அல்ல.

வழியை முடிவு செய்த பிறகு வேலை ஆரம்பிக்கும் இடம் விஇ அட்டவணை அல்ல, இன்ஜெக்டர். திறக்கும் நேரம் பேட்டரி வோல்டேஜோடு மாறும். 14 வோல்ட்டில் இருப்பதைவிட 11 வோல்ட்டில் நன்றாகவே நீளும். அந்த எண்கள் தப்பாக இருந்தால் ஹெட்லைட், ஃபேன் போட்டவுடன் ஐடில் கலவை மாறும், நீங்களோ விஇயைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். இன்ஜெக்டர் தயாரித்தவரின் எண்களை அப்படியே போட்டுவிட்டு, அதற்குப் பிறகு அதைத் தொடாதீர்கள்.

வைட்பேண்ட் லாம்டா சென்சார் இல்லாமல் இறங்கவே வேண்டாம். காரோடு வந்த சாதாரண ஓ2 சென்சார் லாம்டா 1-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும், 0.88-ஐ அதனால் காட்ட முடியாது. லாம்டாவிலேயே யோசிக்கப் பழகுங்கள், ஏனென்றால் எத்தனால் கலந்த இ10 பெட்ரோலுக்குச் சமநிலை விகிதம் 14.7 அல்ல, சுமார் 14.1. லாம்டா 1 எல்லா எரிபொருளுக்கும் 1-தான். திருத்தம் எளிது: ஒரு கட்டத்தில் விஇ 80 என்று இருக்கிறது, நீங்கள் கேட்டது 0.88, வந்தது 0.96 என்றால், 80 × 0.96 ÷ 0.88 = 87.3. ஒரே கட்டத்தில் சில நொடிகளாவது நிலையாக நின்று எடுத்த அளவாக இருக்க வேண்டும். த்ராட்டில் அசையும்போது எடுத்த அளவை வைத்துத் திருத்தினால் அட்டவணை பல்லிளிக்கும். ரோட்டில் செய்வதானால் ஓட்டுகிறவர் ஒருவர், லாப்டாப் பார்க்கிறவர் இன்னொருவர், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இலக்குகளைப் பொறுத்தவரை, மெதுவாக ஓடும்போது 1.0 பக்கம், முழு த்ராட்டிலில் 0.86 முதல் 0.90 வரை. பெரிய கேமின் ஐடிலில் மட்டும் வைட்பேண்டை முழுசாக நம்பாதீர்கள். ஓவர்லாப்பில் எரியாத காற்று நேராக எக்ஸாஸ்ட்டுக்குப் போகும்; ஒரு சிலிண்டர் தவறவிட்டால் அதன் ஆக்ஸிஜனும் போகும். சென்சார் ஆக்ஸிஜனைப் பார்த்து லீன் என்று காட்டும். அதைப் பார்த்து மேலும் மேலும் பெட்ரோல் ஊற்றினால் மிஸ்ஃபயர் கூடி, இன்னும் லீன் என்றே காட்டும். இந்தச் சுழலில் ஒரு முழு நாளைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐடிலில் மேப் எந்தக் கலவையில் மிகக் குறைவாக, அசையாமல் நிற்கிறதோ அதுதான் சரியான கலவை. காதும் அதையே சொல்லும்.

இக்னிஷன் அட்டவணையையும் மறக்க வேண்டாம். எரிபொருளை ஆல்ஃபா-என்னுக்கு மாற்றும் நாளில் பல ஈசியுக்களில் டைமிங் அட்டவணையின் லோடு அச்சும் கூடவே த்ராட்டிலுக்கு மாறிவிடும். மேப் 40-க்கு எழுதிய டைமிங், த்ராட்டில் 40%-க்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐடிபியில் 40% என்றால் கிட்டத்தட்ட முழு லோடு. அங்கே லேசான லோடுக்கான முன்கூட்டிய டைமிங் இருந்தால் நாக்கிங்தான். மாற்றிய உடனே, இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்பே, அந்தப் பக்கத்தைத் திறந்து அச்சைப் பார்த்துவிடுங்கள்.

ஐடிபி வருவதற்கு முன் இந்த ஸ்பீட் டென்சிட்டி ஃபைலை முழுசாக முடித்துத் தனியாகச் சேமித்து வையுங்கள். புதிய த்ராட்டில்களைப் பொருத்திய நாளில், அதே ஃபைலில் கிளப்பி, ஓட்டாமல் நின்ற இடத்திலேயே, தாளில் எழுதிய அதே த்ராட்டில் அளவுகளில் மேப்பை மறுபடி எழுதுங்கள். லோடு இல்லாததால் இன்ஜின் வேகமாக ஏறிவிடும், 30%-க்குப் போகத் தேவையே இருக்காது. 3, 5, 8% போதும். பழைய எண்களுக்குப் பக்கத்தில் புதிய எண்களை வைத்துப் பார்த்தால், எந்த த்ராட்டிலில் மேப்பை விட்டுக் கைமாற்ற வேண்டும் என்பதற்கான முதல் புள்ளி அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.